லாப்ரடார் காட்டுல ஒரு மல்டி கேஷ், கோட்டைச் சுவருல ஒரு ஓட்டை – கொஞ்சம் பேசணும்

அலையோரம் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். சிங்கப்பூர்ல லாப்ரடார் பார்க் எம்ஆர்டி ரயில் நிலைய வாசல்ல ஆரம்பிச்சு, அலையாத்திக் காடு வழியா கடலோரம் போயி, பழைய கோட்டையை ஒரு சுத்து சுத்தி முடியற மல்டி கேஷ் ஒண்ணு இருக்கு, அதை போன சனிக்கிழமை நானும் என் மச்சானும் முடிச்சோம். விரிவாவே எழுதறேன், ஏன்னா இடம் அப்படி, அதோட கடைசில உங்க எல்லார்கிட்டயும் ஒரு விஷயம் கேக்கணும்.

புதுசா படிக்கறவங்களுக்காக ஒரு வார்த்தை. ஜிபிஎஸ் வெச்சு, யாரோ மறைச்சு வெச்ச டப்பாவைத் தேடிப் புடிக்கற விளையாட்டுதான் ஜியோகேஷிங், அந்த டப்பாதான் கேஷ். மல்டின்னா நேரா டப்பாகிட்ட போயிட முடியாது, ஒவ்வொரு ஸ்டேஜா போகணும், அங்க இருக்கற பலகைலயோ கல்லுலயோ ஒரு எண்ணைத் தேடி எடுக்கணும், எல்லாத்தையும் ஃபார்முலால போட்டா கடைசி கோஆர்டினேட், அதாவது மேப்ல இடத்தைக் காட்டற எண்ணு, வரும், அங்கதான் டப்பா, டப்பாக்குள்ள லாக் புக், அதுல பேர் எழுதினாத்தான் கணக்கு. இந்த மல்டில எனக்கு ரொம்பப் புடிச்சது, காட்டுக்குள்ளயும் கோட்டைக்குள்ளயும் ஒரு டப்பா கூட கிடையாது, எல்லாமே பாத்து படிச்சு எண்ணற ஸ்டேஜ்தான், டப்பா இயற்கைக் காப்பகத்தோட எல்லைக்கு வெளியதான் இருக்கு. எங்கன்னு கேக்காதீங்க, சொல்ல மாட்டேன்.

பெர்லேயர் ஓடை மேல போட்டிருக்கற மரப்பாதை கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர் வரும். நாங்க போனப்ப தண்ணி வத்தியிருந்துச்சு, வேருங்களுக்கு நடுவுல சேத்துல நண்டு ஓடுது, சேத்து மேலயே துள்ளிப் போற மீனு, ஒரு நாரை ஆடாம அசையாம நிக்குது, பின்னாடி பாத்தா அடுக்குமாடிக் கட்டடம், முன்னாடி பாத்தா கப்பல். சிங்கப்பூர் பெரிய தீவோட தெக்குப் பக்கம் மிச்சம் இருக்கற அலையாத்திக் காடு ரெண்டே ரெண்டுதான், அதுல இது ஒண்ணு. அது தெரிஞ்சப்புறம் அந்தப் பாதைல வேகமா நடக்க மனசே வராது.

ஓடை முடிஞ்சு கடல் தெரியற பக்கம் ஒரு சிவப்புத் தூண், கொஞ்சம் தள்ளி டிராகன் பல் வாசல்னு சொல்ற கல்லு. இப்ப நிக்கறது 2005ல வெச்ச மாதிரிக் கல்லு, செங் ஹங்கற சீனக் கடற்படைத் தளபதியோட கடல் பயணம் தொடங்கி 600 வருஷம் ஆனதுக்காக வெச்சது. நெசமான கல்லை 1848ல துறைமுக வழியை அகலப்படுத்தறதுக்காக வெள்ளைக்காரங்க வெடி வெச்சு ஒடச்சிட்டாங்க. 1349ல வாங் தாயுவான்ங்கற சீனப் பயணி எழுதின குறிப்புலயே இந்த இடம் வருது, அப்பேர்ப்பட்ட கல்லு. மல்டி போட்டவர் இங்கதான் கெட்டிக்காரர், 1848ல ரெண்டு இலக்கத்தை எடுத்து வடக்கு கோஆர்டினேட்ல போடச் சொல்றாரு, அந்த எண்ணு வேணும்னா கல்லுக்கு என்ன ஆச்சுன்னு படிச்சே ஆகணும், படிக்காம தாண்ட முடியாது. நல்ல ஸ்டேஜ்னா இதுதான்னு நான் சொல்லுவேன்.

அப்புறம் மேடு. பாதை மேல கோட்டைக்குப் போகுது, ரெண்டு பக்கமும் காடு அடைச்சுக்கிட்டு நிக்குது, வெயில் தரைக்கே வரல, ஜிபிஎஸ் முள்ளு அங்கயும் இங்கயும் குதிக்க ஆரம்பிச்சிருச்சு. மேல ஏறினா திடீர்னு ஒரு பெரிய கான்கிரீட் வட்டம், பீரங்கி நின்ன மேடை, அதுக்குக் கீழ குண்டு மருந்து வெச்ச அறைங்க. கடலைப் பாத்தபடி அதுல நின்னீங்கன்னா எதிர்ல செந்தோசாத் தீவு, நடுவுல போற ஒவ்வொரு கப்பலும் கண்ணு முன்னாடிதான் போகும், இங்க எதுக்குக் கோட்டை கட்டினாங்கன்னு யாரும் சொல்லித் தரவே வேணாம்.

இப்ப கேள்விக்கு வரேன். திரும்பற வழியில பழைய செங்கல் சுவர் ஒண்ணுகிட்ட என் மச்சான் நின்னுட்டு "மாமா இங்க பாருங்க"ன்னான். ரெண்டு செங்கலுக்கு நடுவுல பச்சை டேப் சுத்தின ஃபிலிம் டப்பா ஒண்ணு சொருகியிருந்துச்சு. எங்க மல்டியோடது இல்ல, வேற யாரோடதோ. டப்பா நுழையணுங்கறதுக்காக நடுவுல இருந்த சுண்ணாம்பைச் சுரண்டி எடுத்திருக்காங்க, சுத்தி இருக்கற சுவரெல்லாம் கறுத்துப் போயி பாசி புடிச்சிருக்க அந்த ஒரு ஓட்டை மட்டும் உள்ள வெள்ளையா இருந்துச்சு, கீழ செங்கல் விளிம்புல பொடி அப்படியே கெடந்துச்சு. தேடி வந்தவங்க கையை வெச்சு வெச்சு பக்கத்து செங்கலோட மூலையும் பேந்து போயிருக்கு.

நான் அதுல பேர் எழுதல, எழுதக் கை வரல. போட்டோ எடுத்துட்டு டப்பாவை இருந்தபடியே விட்டுட்டு வந்துட்டேன். இந்த மாதிரி இடிபாடு, கோட்டை, பழைய வீடு இருக்கற இடத்துல சுவருக்குள்ள டப்பா வைக்கறதை நம்ம ஆளுங்களாச்சும் மொத்தமா நிறுத்தணும்னு நான் நெனைக்கிறேன். நீங்க என்ன சொல்றீங்க? இதை எப்படிக் கையாளறது?

வரைபடக்காரன் எழுதியது:

அருமையான பதிவு தம்பி. மல்டி போட்டவர் படிச்சா சந்தோஷப்படுவாரு, நெட்ல போடற லாக்லயும் இதே மாதிரி நாலு வரி எழுதிடு, வெறும் டிஎஃப்டிசின்னு, அதான் கேஷுக்கு நன்றிங்கற சுருக்கத்தைப் போட்டுட்டுப் போயிடாத.

டப்பா விஷயம். நீ எடுத்துட்டு வராம விட்டதுதான் சரி, அடுத்தவங்க டப்பாவை நம்ம எடுக்கக் கூடாது, அது எவ்வளவு தப்பான இடத்துல இருந்தாலும். மொதல்ல ஓனருக்கு மெசேஜ் போடு, மரியாதையா, போட்டோவோட. பதில் வரலன்னா ரிவ்யூவர் அட்டென்ஷன் லாக் போடு, கேஷைச் சரிபாத்து அனுமதிக்கற ரிவ்யூவருக்கு அது போகும், அவரு பாத்துப்பாரு. ரிவ்யூவருக்கு மேப்ல ஒரு புள்ளிதான் தெரியும், அந்தப் புள்ளி சுவருக்குள்ளயா மரத்தடியிலயான்னு அவருக்கு யாராச்சும் சொன்னாத்தானே தெரியும். அதனால சொல்றதைக் கோள் மூட்டறதா நெனைக்காத.

விதி தெளிவா இருக்கு. டப்பா வைக்கறதுக்காக இடத்துக்காரர் அனுமதி இல்லாம எதையும் தோண்டக் கூடாது, ஒடைக்கக் கூடாது, ஆணி அடிக்கக் கூடாது, சொந்தமா இருந்தாலும் பொதுவா இருந்தாலும். இந்த விளையாட்டு ஆரம்பிச்ச கதையே வேற மாதிரி. 2000 மே மாசம் அமெரிக்க அரசாங்கம் ஜிபிஎஸ் சிக்னலை வேணும்னே மங்க வெச்சிருந்ததை நிறுத்தினாங்க, மறுநாளே, மே 3ன்னு நெனைக்கறவங்கதான் அதிகம், டேவ் அல்மர்ங்கறவர் ஓரிகன்ல பீவர்க்ரீக் பக்கம் ஒரு கறுப்பு வாளியைப் பாதி மண்ணுல புதைச்சு கோஆர்டினேட்டை நெட்ல போட்டாரு. அந்த மொத டப்பா மாதிரி இன்னிக்கு அனுமதி இல்லாம புதைச்சா விதிப்படி செல்லாது. இருபத்தஞ்சு வருஷ அனுபவத்துல வந்த விதிங்க, சும்மா எழுதி வெச்சது இல்ல.

காப்பகத்துக்குள்ள பாதையை விட்டு இறங்கினா அபராதம், அதுவும் ஞாபகம் இருக்கட்டும். லாப்ரடார் 1951ல இயற்கைக் காப்பகமா இருந்து, 1973ல அந்தத் தகுதி போயி, 2002ல திரும்பக் கெடச்ச இடம். ஒரு தடவை பறிபோயி திரும்ப வந்த இடத்துல நம்மளால ஒரு கெட்ட பேர் வரக் கூடாது.

ரெட்டைவால் எழுதியது:

எல்லாரும் கோவிச்சுக்காதீங்க, நான் கொஞ்சம் மாத்திச் சொல்றேன். சுரண்டினது தப்பு, அதுல ரெண்டாவது பேச்சே இல்ல. ஆனா அலையோரம் அண்ணே "சுவருக்குள்ள டப்பாவே வேணாம், மொத்தமா நிறுத்தணும்"னு சொல்றது ரொம்ப தூரம் போகுது. பழைய சுவருல தானா விழுந்த பொந்து எவ்வளவோ இருக்கு, அதுல ஒரு டப்பாவைச் சும்மா வெச்சா சுவருக்கு என்ன ஆகும்? ஜியோகேஷிங்னாலே கையை விட்டுத் தேடி, கெடைக்குமா கெடைக்காதான்னு அடிச்சுக்கிட்டு, கடைசில விரல் நுனில பிளாஸ்டிக் தட்டுப்படற அந்த ஒரு நொடிதான். என் பையனுக்கு ஒம்பது வயசு, பலகை படிக்கற ஸ்டேஜ்னா அவன் போன் கேப்பான், டப்பான்னா மலையே ஏறுவான். விர்ச்சுவல், எர்த்கேஷ்னு டப்பா இல்லாத வகை இதெல்லாம் பெரியவங்களுக்கு நல்லா இருக்கும், எல்லாத்தையும் அப்படி மாத்தினா அடுத்த தலைமுறை இதுக்குள்ள வராது. இதையும் யோசிங்க.

கொத்தனார் மகன் எழுதியது:

வணக்கம் அண்ணே. நான் இங்க கட்டட சைட்ல சூப்பர்வைசர், எங்க அப்பா தஞ்சாவூர் பக்கம் கோயில் வேலை பாத்த கொத்தனார், இந்த ஒரு விஷயத்துல நான் பேசலாம்னு நெனைக்கிறேன்.

பழைய செங்கல் சுவரை நிறுத்தி வெச்சிருக்கறது சுண்ணாம்புச் சாந்து. இப்ப நாங்க போடற சிமெண்ட் கலவை மாதிரி அது கல்லா இறுகாது, செங்கலை விட மிருதுவாத்தான் இருக்கும், அப்படித்தான் இருக்கணும். சுவரு வெயிலுக்கு விரியும், குளுந்தா சுருங்கும், அந்த ஆட்டத்தைச் சாந்து வாங்கிக்கும், உள்ள போன ஈரம் சாந்து வழியாத்தான் வெளிய வரும். செங்கல் ஒடையாம இருக்கறதுக்காகத்தான் சாந்து தேயுது. அதனால நகத்துல சுரண்டினாலே வருதேன்னு அதைப் பலமில்லாததுன்னு நெனைக்கக் கூடாது.

இப்ப ஃபிலிம் டப்பா அளவுக்கு ஒரு ஓட்டை போட்டாச்சு. மொத மழைல தண்ணி அதுல நிக்கும். அடுத்தது பறவை எச்சத்துல அத்தி, ஆல் வகை விதை வந்து விழும், இந்த ஊரு ஈரத்துல அது முளைக்க மண்ணே வேணாம், அந்தப் பொடி போதும். வேரு மயிரு மாதிரி உள்ள போகும், அஞ்சாறு வருஷத்துல கை மொத்தம் ஆயிடும், அப்புறம் செங்கலை வெளிய தள்ளும். அப்ப மரத்தைப் புடுங்கினாலும் சுவரு விழும், விட்டாலும் சுவரு விழும். எங்க ஊரு கோபுரத்துல எல்லாம் இந்தப் பாடு பாத்தவன் நான், செடியா இருக்கறப்பவே வேரோட எடுத்துட்டு சுண்ணாம்பை அடைக்கணும்னு அப்பா கத்துவாரு, யாரும் கேக்க மாட்டாங்க, மரமான பிறகு வந்து நிப்பாங்க.

ரெட்டைவால் சாருக்கு: தானா விழுந்த பொந்துன்னாலும் அதேதான் சார். டப்பாவைச் சும்மாதான் வைக்கறோம், ஆனா தேடி வர்றவங்க சும்மாவா பாக்கறாங்க? ஜிபிஎஸ் நாலஞ்சு மீட்டர் முன்ன பின்ன காட்டும், அப்ப ஒரு பொந்துக்குப் பதிலா முப்பது பொந்துல கை போகும், விரல் போகாத எடத்துல குச்சி போகும். வெச்ச ஓட்டை ஒண்ணு, நோண்டற ஓட்டை முப்பது.

இன்னொண்ணு. இந்த மாதிரி ஓட்டையைப் பாத்து நல்ல மனசோட யாராச்சும் சிமெண்ட் வாங்கிட்டு வந்து அடைச்சிடப் போறாங்க, தயவு செஞ்சு வேணாம். சிமெண்ட் ஈரத்தை வெளிய விடாது, சுத்தி இருக்கற செங்கல் பொரிஞ்சு உதிர ஆரம்பிச்சிடும். அதுக்குன்னு இருக்கறவங்ககிட்ட சொல்றதுதான் வழி.

அலையோரம் எழுதியது:

கொத்தனார் மகன், இதைப் படிச்சதும் மனசு பதறிடுச்சு. அந்தச் சுவருக்கு ரெண்டடி தள்ளியே ஒரு ஆல் வகை மரத்தோட வேரு சுவரு மேல விரிஞ்சு இறங்கியிருக்கு, போட்டோ எடுக்கறதுக்கு அழகா இருக்கேன்னு எல்லாரும் அதுகிட்டதான் நிக்கறாங்க. அது எங்க ஆரம்பிச்சிருக்கும்னு இப்பதான் புரியுது.

பீரங்கிமேடை எழுதியது:

இழைக்கு ரொம்ப நன்றி. அந்தக் கோட்டையைப் பத்தி கொஞ்சம் சொல்றேன், டப்பா சண்டைல அது காணாமப் போயிடக் கூடாது.

பேரு பாசிர் பாஞ்சாங் கோட்டை. கெப்பல் துறைமுகத்தைக் காக்கறதுக்காக பிரிட்டிஷ்காரங்க 19ஆம் நூற்றாண்டுல கடலோரமா வரிசையா கட்டின கோட்டைங்கள்ல ஒண்ணு, எதிர்ல செந்தோசால சிலோசோ கோட்டை, ரெண்டும் சேந்து மேற்கு வாசலைப் பூட்டி வெச்சிருந்துச்சு. துறைமுகத்துக்கு கெப்பல்னு பேரு வந்ததே 1900லதான், அதுக்கு முன்னாடி புதுத் துறைமுகம்னுதான் சொன்னாங்க. ரெண்டாம் உலகப் போர் சமயத்துல லாப்ரடார்ல ஆறு அங்குல பீரங்கி, அதாவது குழல் வாய் ஆறு அங்குல அகலம், ரெண்டு இருந்துச்சு.

"சிங்கப்பூர் பீரங்கியெல்லாம் கடலைப் பாத்தே இருந்துச்சு, ஜப்பான்காரன் பின்னாடி வழியா வந்துட்டான், திருப்பவே முடியல"ன்னு ஒரு கதை நம்ம வீட்டுப் பெரியவங்க வரைக்கும் எல்லாரும் சொல்லுவாங்க. முழுசா உண்மை இல்ல. அப்ப தீவுல பெரிய கடலோரப் பீரங்கி மொத்தம் 29, அதுல 15 அங்குலம் 5, 9.2 அங்குலம் 6, மிச்சம் 18ம் 6 அங்குலம். நிறைய பீரங்கி திரும்பக் கூடியதுதான், 1942 பிப்ரவரில ஜோகூர் பேட்டரி, கன்னாட் பேட்டரிங்கற பீரங்கித் தளமெல்லாம் நிலத்துப் பக்கம் திரும்பிச் சுட்டுச்சு. கோளாறு குண்டுல. கப்பலோட இரும்புச் சுவரைத் துளைக்கறதுக்குன்னு செஞ்ச குண்டுதான் அதிகம் இருந்துச்சு, அது மண்ணுல விழுந்தா ஆழமா போயி வெடிக்கும், ஓடி வர்ற படையை அது ஒண்ணும் பண்ணாது. படைக்கு எதிரா சிதறி வெடிக்கற குண்டு போதலை. பிப்ரவரி 14 புக்கிட் சண்டு குன்றுல மலாய்ப் படையோட ஒரு சின்னக் குழு லெஃப்டினன்ட் அட்னான் சைடி தலைமைல கடைசி வரைக்கும் நின்னுச்சு, லாப்ரடார்லேருந்து அது ரொம்ப தூரம் இல்ல, ஒரே நாள்ல ரெண்டையும் நடந்து பாத்துடலாம். மறுநாள் சரணடைஞ்சாச்சு.

இதுல தோண்டற விஷயத்துக்கும் ஒரு சம்பந்தம் இருக்கு. போர் நடந்த மண்ணுல குச்சி வெச்சு நோண்டறது சுவருக்கு மட்டும் கேடு இல்ல. 2023 செப்டம்பர்ல அப்பர் புக்கிட் தீமா சாலைல கட்டட வேலை நடக்கற எடத்துல 100 கிலோ எடையுள்ள போர்க்கால வெடிகுண்டு கெடச்சுது, ஞாபகம் இருக்கா? 4000 பேருக்கு மேல வெளியேத்திட்டுத்தான் வெடிக்க வெச்சாங்க. காட்டுல துருப்புடிச்ச இரும்பு எதையாச்சும் பாத்தா கேஷ்னு நெனைச்சு கை வைக்காதீங்க, தள்ளி நின்னு போலீசுக்குச் சொல்லுங்க.

முதல்டப்பா எழுதியது:

நான் ரொம்பப் புதுசு, அக்கா அண்ணன்லாம் சின்னக் கேள்வின்னு தள்ளிடாதீங்க. ஆப்ல "நீங்க வந்துட்டீங்க"ன்னு காட்டுது, ஆனா மரத்துக்கு அடியில நின்னா புள்ளி அங்க இங்க ஓடுது, இந்த மாதிரி காட்டுல எப்படிக் கண்டுபிடிக்கறது? ரெண்டாவது, தனியா போற பொண்ணுங்களுக்கு லாப்ரடார் சரியா இருக்குமா?

வரைபடக்காரன் எழுதியது:

நல்ல கேள்விம்மா. மேல நாலு பக்கமும் வானம் தெரியற எடத்துல போன் மூணுலேருந்து அஞ்சு மீட்டர் சுத்தளவுக்குச் சரியா காட்டும். இலை அடர்த்தி, ஈரம், பாறை, கட்டடம் இதெல்லாம் வந்தா சிக்னல் அதுல பட்டுத் தெறிச்சு சுத்தி வரும், போன் அந்தச் சுத்துப் பாதையை நெசம்னு நெனைச்சுக்கும், அதான் புள்ளி ஓடுது. லாப்ரடார்ல ஒரு பக்கம் செங்குத்துப் பாறை, மேல காடு, ரெண்டும் சேந்து படுத்தும். புள்ளி பின்னாடி ஓடாம, ஒரு ரெண்டு நிமிஷம் ஒரே எடத்துல நில்லு, எண்ணு அடங்கட்டும். இல்லன்னா திறந்த எடத்துலேருந்து கேஷ் இருக்கற திசையைப் பாத்து வெச்சுக்கிட்டு உள்ள நடந்து வா, அதே மாதிரி வேற பக்கத்துலேருந்தும் வந்து பாரு, ரெண்டு கோடும் எங்க வெட்டுதோ அந்தப் பக்கம்தான்.

கடைசி அஞ்சு மீட்டருக்கு போனை பைல போட்டுடு, கண்ணைப் பயன்படுத்து. வெச்சவர் எங்க நின்னிருப்பாரு, கை எவ்வளவு உசரம் எட்டும், வழியில போற மகிளுக்கு, அதான் இந்த விளையாட்டு தெரியாத ஆளுக்கு, தெரியாம எப்படிக் குனிஞ்சிருப்பாருன்னு யோசி. ரொம்ப ஒழுங்கா அடுக்கின குச்சி, தானா உருண்டு வர முடியாத எடத்துல ஒரு கல்லு, இதைத்தான் தேடணும். போற வழி எவ்வளவு கஷ்டம்னு காட்டற டெரெய்ன் ரேட்டிங் ஒண்ணரைன்னு போட்டிருந்தா நீ மரம் ஏறவே வேண்டியது இல்ல. சைஸையும் பாத்துக்கோ, ஸ்மால்னா சாப்பாட்டு டப்பா அளவு, நேனோன்னா விரல் நுனி அளவு.

தேக்கா அக்கா எழுதியது:

முதல்டப்பா, உன் ரெண்டாவது கேள்விக்கு நான் பதில் சொல்றேன். நான் தனியாத்தான் போவேன், லாப்ரடார் பரவாயில்லம்மா, காலைல ஓட வர்றவங்க, தூண்டில் போடறவங்கன்னு ஆள் நடமாட்டம் இருந்துக்கிட்டே இருக்கும். வெளிச்சம் இருக்கறப்ப போ, யாருகிட்டயாச்சும் சொல்லிட்டுப் போ. கொசு மருந்து கண்டிப்பா, டெங்கி விளையாட்டு இல்ல. குரங்கு வந்தா பிளாஸ்டிக் பையைக் கையில வெச்சுக்காத, சாப்பாடுன்னு நெனைச்சுப் புடுங்கும். இடி சத்தம் கேட்டா மேட்டு மேலயோ கடலோரமா திறந்த எடத்துலயோ நிக்காத, இங்க மழை சொல்லிட்டு வராது, கேஷ் நாளைக்கும் அங்கதான் இருக்கும்.

இழைல ஓடற பெரிய விஷயத்துக்கு என் கருத்து: பொந்துல கை விடவே வேணாம்னு நான் சொல்லுவேன், செங்கலுக்காக மட்டும் இல்ல, மலைப்பாம்பு, பூரான் இருக்கற ஊரு இது. ஒம்பது வயசுப் பிள்ளை கையை அப்படி விடறதை நெனைச்சாலே எனக்கு ஒரு மாதிரி இருக்கு தம்பி ரெட்டைவால்.

மட்டுறுத்துனர் எழுதியது:

நடுவுல ஒரு பதிவுல கடைசி ஸ்டேஜோட விடை வந்துருச்சு, எடுத்துட்டேன். டப்பா இருக்கற இடம், ஃபார்முலா விடை, ஓட்டைச் சுவரோட போட்டோ எதையும் பொதுவுல போடாதீங்க, அந்தச் சுவரைத் தேடிப் போற கூட்டம் அதிகமாயிடும். மத்தபடி விவாதம் தொடரட்டும்.

நாகைக்காரன் எழுதியது:

சிங்கப்பூருக்கு வந்த புதுசுல லாப்ரடார் பக்கம் போயிருக்கேன், கேஷுக்காக இல்ல, சும்மா கடலைப் பாக்க. எனக்கு சொந்த ஊரு வேதாரண்யம் பக்கம். இந்தத் தெற்குக் கரையோரம் நடக்கறப்ப புன்னை, தாழை, பூவரசுன்னு கண்ணுல பட்டதும் ஊரு ஞாபகம் வந்து நின்னுட்டேன், நெய்தல் பாட்டுல வர்ற அதே மரம்தானே, கடல் இந்தப் பக்கமும் அதைத்தான் வளத்திருக்கு.

இழையைப் படிச்சதும் கோடியக்கரைதான் மனசுல வந்துச்சு. 1967லேருந்து சரணாலயம், வெளிமான், மட்டக்குதிரை எல்லாம் சுத்தற உலர் காடு, கடலோரமா சோழர் காலக் கலங்கரை விளக்கம்னு சொல்ற செங்கல் மேடு ஒண்ணு இருந்துச்சு, 2004 சுனாமில பெரும்பாலும் போயிடுச்சு, இப்ப மிச்சம் கொஞ்சம்தான். சின்ன வயசுல அது மேல ஏறி ஆடியிருக்கோம், நாங்க மட்டும் இல்ல, போறவன் வர்றவன் எல்லாரும் ஒரு செங்கலை உருட்டி விட்டுட்டுத்தான் போவான். கடல் ஒரே நாள்ல செஞ்சதை ஜனங்க பல வருஷமா செஞ்சுக்கிட்டேதான் இருந்தாங்க. அங்க ஒரு கேஷ் போடணும்னு எனக்கு ஆசை, டப்பா இல்லாம. வழி இருக்கா?

வரைபடக்காரன் எழுதியது:

இருக்கு தம்பி. எர்த்கேஷ்னு ஒரு வகை, 2004லேருந்து இருக்கு, அமெரிக்க நிலவியல் சங்கத்தோட சேந்து ஆரம்பிச்சது, டப்பா கெடையாது, அந்த மண்ணு பாறை கடல் பத்தி நேர்ல பாத்து பதில் சொல்லணும். கோடியக்கரைல மணல் எப்படிச் சேருது, கரை எப்படி நகருதுன்னு கேள்வி வெச்சா போதும். ஆனா எர்த்கேஷுக்கும் இடத்தைப் பாத்துக்கறவங்க அனுமதி வேணும், அங்க வனத்துறை. ஊருக்குப் போறப்ப நேர்ல போயி கேளு, என்ன விளையாட்டுன்னு பொறுமையா சொல்லு. ஒண்ணு கவனம், சேட்டலைட் மெசேஜ் அனுப்பற கருவி எதையும் இந்தியாவுக்கு எடுத்துட்டுப் போயிடாத, அனுமதி இல்லாம வெச்சிருந்தா கேஸ் ஆயிடும், போன் போதும்.

லாப்ரடார் பாறைக்கும் எர்த்கேஷ் ரொம்பப் பொருந்தும். பெரிய தீவுல ஜனங்க போயிப் பாக்கற மாதிரி இருக்கற கடலோரப் பாறைச் செங்குத்து அது ஒண்ணுதான்.

ரெட்டைவால் எழுதியது:

கொத்தனார் மகன் எழுதினதை ரெண்டு தடவை படிச்சேன். ஒரு டப்பாக்கு முப்பது பொந்துல கை போகுதுன்னு சொன்னது சரிதான், அந்தக் கணக்கை நான் பாக்கல. பழைய சுவருல டப்பா வேணாம்னு நானும் ஒத்துக்கறேன்.

ஆனா டப்பாவே வேணாங்கறதை ஒத்துக்க மாட்டேன், அதுல மாத்தமில்ல. அலையோரம் அண்ணே சொன்ன மல்டியே அதுக்கு நல்ல உதாரணம், உள்ள படிச்சு எண்ணறது, வெளிய டப்பா. நேத்து பையனைக் கூட்டிட்டுப் போனேன். டிராகன் பல் கல்லுகிட்ட "எதுக்குப்பா வெடி வெச்சாங்க"ன்னு கேட்டவன் டப்பா கெடைக்கற வரைக்கும் கேள்வியை விடல, "அப்ப கப்பல் சின்னதா இருந்தா ஒடைச்சிருக்க மாட்டாங்கல்ல"ன்னான். டப்பா கெடைக்கும்னு தெரிஞ்சதாலதான் அவ்வளவு தூரம் நடந்தான், நடந்ததாலதான் கேட்டான். சின்ன மூடி போட்ட டப்பா, ஜிப் பைக்குள்ள லாக் புக், ஓரம் கொஞ்சம் ஈரம், ஒரு குட்டிப் பென்சில், ஒரு பழைய சாவிக் கொத்து, நாய்ச் சங்கிலில மாட்டற தகடு மாதிரி ஒரு ட்ராவல் பக், டப்பாவுக்கு டப்பா ஊர் சுத்தறது. பையன் தமிழ்லயே பேரு எழுதினான். அந்த ட்ராவல் பக்கோட நம்பரைப் போட்டுப் பாத்தா ஜெர்மனிலேருந்து கெளம்பியிருக்கு, இப்ப அதை அடுத்த எடத்துக்குக் கொண்டு போறது தன் பொறுப்புன்னு தலைமாட்டுல வெச்சுத் தூங்கறான். இதை எந்த விர்ச்சுவலும் தராது அண்ணே.

அலையோரம் எழுதியது:

தம்பி, நீ சொன்னதுல எனக்கு முழுச் சம்மதம். டப்பா வேணாம்னு நான் சொல்லவே இல்ல, சுவரு வேணாம்னுதான் சொன்னேன், ரெண்டு பேரும் ஒரே எடத்துக்குத்தான் வந்திருக்கோம்.

இப்ப சேதி. ஓனருக்கு மெசேஜ் போட்டிருந்தேன், கொத்தனார் மகன் எழுதினதையும் அனுப்பினேன். ரெண்டு நாள்ல பதில் வந்துச்சு. நல்ல மனுஷர், ஓட்டை ஏற்கனவே கொஞ்சம் இருந்துச்சு, கொஞ்சம் பெருசாக்கினா என்ன ஆயிடப் போவுதுன்னு நெனைச்சிருக்காரு, சாந்து பத்தி யாரும் சொன்னதில்லன்னாரு. அன்னிக்கே போயி டப்பாவை எடுத்துட்டாரு, கேஷை ஆர்க்கைவ் பண்ணி, அதாவது தளத்துல மூடிட்டாரு. சுவரோட நெலமையைப் பூங்காக் கழகத்துக்கு போட்டோவோட நான் எழுதியிருக்கேன், அவங்க ஆளுங்க பாத்து சுண்ணாம்பு வெச்சு அடைச்சா போதும், மழைக்காலம் வர்றதுக்குள்ள நடந்துட்டா நல்லது. அதே எடத்துக்கு டப்பா இல்லாத ஒண்ணைப் போட அவரு யோசிக்கறாரு, பீரங்கிமேடை, கேள்வி தயார் பண்ண நீங்க உதவுவீங்களான்னு கேக்கறாரு.

பீரங்கிமேடை எழுதியது:

சந்தோஷமா. ஒரே ஒரு யோசனை, இடம் இடமா போயி ஆப்ல கேள்விக்குப் பதில் சொல்ற அட்வென்ச்சர் லேபா போட்டா அஞ்சு இடம் வெச்சுக்கலாம், டப்பாவே தேவையில்ல. லாப்ரடார்ல மூணு வெச்சுட்டு, மிச்சம் ரெண்டை எதிர்க்கரைல சிலோசோல வெக்கலாம். அங்க 2015லேருந்து மரத்து உச்சிக்கு மேல போற வான்பாதை ஒண்ணு இருக்கு, நடக்கக் காசு இல்ல, அதுலேருந்து பாத்தா லாப்ரடார் மேடு நேர் எதிர்ல தெரியும். ரெண்டு கோட்டைக்கும் நடுவுல கப்பல் மாட்டினா என்ன ஆகும்னு அங்க நின்னு பாத்தாத்தான் தெரியும். மொதல்ல லாப்ரடார், அப்புறம் சிலோசோ, அந்த வரிசைலதான் போகணும்.

ரெட்டைவால் எழுதியது:

சிலோசோ பக்கம் டப்பா வெக்க ஏதாச்சும் தோது இருந்தா சொல்லுங்க, சுவரு இல்லாத எடமா நான் பாத்து வெக்கறேன், அனுமதி வாங்கற வேலையும் என்னோடது. ட்ராவல் பக்கை அங்கதான் போடணும்னு பையன் இப்பவே சொல்லிட்டான்.